சீரியல் கட்டளை: சொல்லும் பொருளும் தமிழும்

புரொஜெக்டர், பெரிய டிஸ்ப்ளே, மேட்ரிக்ஸ் ஸ்விட்சர் (பல உள்ளீடுகளைப் பல திரைகளுக்கு மாற்றிவிடும் பெட்டி), கூட்ட அரங்குக் கேமரா என்று எதைத் திருப்பிப் பார்த்தாலும், பின்பக்கத்தில் 9 பின் கொண்ட சின்னச் செருகி ஒன்று இருக்க வாய்ப்புண்டு. ஒரே பொத்தானை அழுத்தியதும் புரொஜெக்டர் எரிகிறது, உள்ளீடு மாறுகிறது, ஒலி குறைகிறது என்றால், பல அரங்குகளில் அந்த உத்தரவு இந்தச் செருகி வழியாகத்தான் போகிறது. அப்படி அனுப்பும் உத்தரவைத்தான் சீரியல் கட்டளை என்கிறோம்.

சீரியல் என்ற சொல் 'செரீஸ்' என்ற இலத்தீனிலிருந்து வந்தது. அதன் வினை 'செரெரே'. ஒன்றோடு ஒன்றைக் கோத்தல், தொடுத்தல் என்று பொருள். தமிழிலும் தொடு, தொடை, தொடர் எல்லாம் ஒரே குடும்பம் என்பதால், 'தொடர்' இங்கே வெறும் மொழிபெயர்ப்பாக இல்லாமல் இயல்பாகவே பொருந்துகிறது. ஆனால் தனியாகத் 'தொடர்' என்று எழுதினால் தொலைக்காட்சித் தொடர்தான் முதலில் நினைவுக்கு வரும். (சீரியல் என்றாலும் அதே கதைதான்.) அதனால் 'தொடர்நிலை' என்பதே நல்லது. அதற்கு எதிரிணை 'இணைநிலை'. இணைநிலையில் எட்டு பிட்டுகள் (ஒவ்வொன்றும் 0 அல்லது 1) எட்டு கம்பிகளில் ஒரே நேரத்தில் போகும். பழைய பிரிண்டர் போர்ட் அந்த வகை. தொடர்நிலையில் அந்த எட்டும் ஒரே கம்பியில் ஒன்றன்பின் ஒன்றாகப் போகும்.

போர்ட் என்பதற்கு வருவோம். இலத்தீனில் துறைமுகத்துக்கு 'போர்ட்டுஸ்', வாயிலுக்கு 'போர்ட்டா'. கணினிச் சொல் வாயில் வழியில் வந்தது. தமிழ்க் கலைச்சொல்லாக்கத்தில் 'துறை' என்று வைத்துவிட்டார்கள். பிழை என்று சிலர் சொல்வதுண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. துறை என்றால் கப்பல் நிற்கும் இடம் மட்டுமில்லை, ஆற்றில் இறங்கவும் ஏறவும் வாகான இடமும் துறைதான். தரவு உள்ளே வரவும் வெளியே போகவும் உள்ள இடத்துக்கு அது போதும். ஆக, தொடர்நிலைத் துறை. எழுத்தில் இதைப் பயன்படுத்தலாம். வேலை இடத்தில் 'சீரியல் போர்ட்' என்றே சொல்லலாம், யாரும் குறைசொல்லப் போவதில்லை.

இந்தத் துறைக்கு ஆர்எஸ்-232 என்றும் பெயர். அமெரிக்காவின் மின்னணுத் தொழில் கூட்டமைப்பு 1960இல் வெளியிட்ட தரம் அது; ஆர்எஸ் என்றால் பரிந்துரைக்கப்பட்ட தரம். தொலைத்தட்டச்சு இயந்திரத்தை மோடத்தோடு இணைக்கத்தான் அதை எழுதினார்கள். புரொஜெக்டரை யாரும் நினைத்திருக்கவில்லை. மின்னழுத்தமும் அந்தக் காலத்து ஏற்பாடுதான்: பிட் 1 என்றால் கம்பியில் −3 முதல் −15 வோல்ட், 0 என்றால் +3 முதல் +15. நாம் எதிர்பார்ப்பதற்கு நேர் தலைகீழ். மைக்ரோகண்ட்ரோலர் என்ற சிறு கணினிச் சில்லின் 5 வோல்ட் பின்னை இதில் நேராகச் செருகினால் அந்தப் பின் கருகக்கூடும். நடுவே மேக்ஸ்232 போன்ற மாற்றிச் சில்லு வேண்டும்.

கருவியின் கையேட்டில் '9600, 8, என், 1' என்று போட்டிருக்கும். 9600 என்பது பாட். பிரெஞ்சுத் தந்திப் பொறியாளர் எமில் போதோவின் பெயரிலிருந்து வந்த அலகு. பாட் என்பதே வேகத்தின் அலகு; இங்கே நொடிக்கு இத்தனை பிட் என்று பொருள். 'பாட் ரேட்' என்பதில் ரேட் உபரி, ஆனால் ஒட்டிக்கொண்டது, விடாது. 8 என்பது தரவு பிட்டுகள், என் என்றால் சரிபார்ப்பு பிட் இல்லை, 1 என்பது முடிவு பிட். தொடக்க பிட் ஒன்றையும் சேர்த்தால் ஓர் எழுத்துக்கு 10 பிட். எனவே 9600இல் நொடிக்கு 960 எழுத்துகள். புரொஜெக்டரை எழுப்ப இது தாராளம்.

கட்டளை இரண்டு விதமாக இருக்கும். ஒன்று, படிக்கக்கூடிய எழுத்து. எப்சன் புரொஜெக்டர்களுக்கு 'பிடபிள்யூஆர் ஆன்' என்று ஆங்கில எழுத்துகளில் அனுப்பி, கடைசியில் கேரேஜ் ரிட்டர்ன் குறியை (வரி முடிந்தது என்று சொல்லும், கண்ணுக்குத் தெரியாத எழுத்து) சேர்க்க வேண்டும். ஏற்றுக்கொண்டால் ஒரு முக்காற்புள்ளி திரும்பி வரும். இன்னொன்று வெறும் எண்கள். சோனியின் விஸ்கா முறையில் கேமராவை எழுப்ப 81 01 04 00 02 எஃப்எஃப் என்ற ஆறு பைட்டுகள் போதும் (எட்டு பிட் சேர்ந்தது ஒரு பைட்; இங்கே எண்கள் பதினாறடிமான முறையில் உள்ளன). 81 என்பது முதல் கேமராவின் முகவரி, 02 என்றால் இயக்கு, அதே இடத்தில் 03 என்றால் அணை, எஃப்எஃப் என்றால் கட்டளை முடிந்தது.

கேரேஜ் ரிட்டர்ன், எஃப்எஃப் போன்ற முடிவுக்குறியில்தான் ஆட்கள் மாட்டிக்கொள்வார்கள். அது வராதவரை கருவி இன்னும் ஏதோ வரும் என்று காத்துக்கொண்டே இருக்கும். பிழைச் செய்திகூட வராது. மென்பொருளில் பின்சாய்கோடும் ஆர் எழுத்தும் தட்டினால், சில மென்பொருள்கள் அதைக் கேரேஜ் ரிட்டர்ன் ஆக்காமல் இரண்டு தனி எழுத்துகளாகவே அனுப்பிவிடும். பதிலே இல்லையா? முதலில் முடிவுக்குறியைப் பாருங்கள், அப்புறம் அனுப்பவும் பெறவும் உள்ள 2ஆம், 3ஆம் பின்களை மாற்றிப் போட வேண்டுமா என்று பாருங்கள். பதில் வருகிறது, ஆனால் குப்பை எழுத்தாக வருகிறது என்றால் பெரும்பாலும் பாட்தான் பொருந்தவில்லை.

கட்டளை என்ற சொல்லில் சிக்கல் இல்லை. 'ஆணை' என்றும் எழுதுகிறார்கள், இரண்டும் சரி. சிக்கல் வேறிடத்தில் இருக்கிறது. இப்போது இதே வகைக் கட்டளைகள் நெட்வொர்க் கேபிளிலும் போகின்றன. புரொஜெக்டர்களுக்கான பிஜேலிங்க் என்ற கட்டளை முறை 4352 என்ற டிசிபி போர்ட்டில் இயங்குகிறது (இங்கே போர்ட் என்பது செருகி இல்லை, நெட்வொர்க்கில் ஒரு வாயிலின் எண்). அதையும் பழக்கத்தில் சீரியல் கட்டளை என்று சொல்பவர்கள் உண்டு. அந்த இடத்தில் 'கட்டுப்பாட்டுக் கட்டளை' என்று எழுதுவதே பொருத்தம். தொடர்நிலை என்பதை 9 பின் செருகிக்கும், அதன் உறவான ஆர்எஸ்-422, ஆர்எஸ்-485 இணைப்புகளுக்கும் வைத்துக்கொள்ளலாம்.