மாஷ்: மோதாட்டம் என்று சொல்லலாமா?

மாஷ் (பெயர், வினை): பங்க், அதன் இன்னும் வேகமான கிளையான ஹார்ட்கோர், மெட்டல் போன்ற உரத்த ராக் இசை நிகழ்ச்சிகளில் மேடைக்கு முன்னால் நிற்பவர்கள் ஒருவர்மேல் ஒருவர் மோதியும் தள்ளியும் ஆடும் ஆட்டம். அது நடக்கும் இடம் மாஷ் பிட். பழகியவர்கள் வாயில் வெறும் ‘பிட்’. ‘நீ பிட்டுக்குள்ள போறியா, ஓரமா நிக்கிறியா?’ என்பது நண்பர்களோடு ஷோவுக்குப் போகிறவர்கள் முதல் பாட்டு தொடங்கும் முன்பே கேட்டுக்கொள்ளும் கேள்வி.

‘ஷோ’ என்பதையும் இங்கேயே சொல்லிவிடலாம். பங்க் வட்டத்தில் கன்சர்ட் என்று யாரும் சொல்வதில்லை. அமெரிக்காவில் ஷோ, பிரிட்டனில் கிக் (gig). உள்ளூர்க் குழுக்கள் மூன்று நான்கு, ஒரு சின்ன அறை, முழங்கால் உயரம்கூட இல்லாத மேடை. சில இடங்களில் மேடையே கிடையாது, தரையில் நின்றே வாசிப்பார்கள். இப்போது பாடி முடித்தவர் அடுத்த குழு வாசிக்கும்போது நம் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருப்பார். வாசிப்பவருக்கும் கேட்பவருக்கும் நடுவில் தடுப்புக்கம்பி இல்லாத இப்படிப்பட்ட அறைகளில்தான் மாஷ் வளர்ந்தது. பெரிய மைதானங்களுக்கு அது போனது பிற்பாடு.

சொல் பிறந்த கதைக்கு வருவோம். 1980களின் தொடக்கம், வாஷிங்டன் டி.சி. அங்கே பேட் பிரெய்ன்ஸ் என்றொரு குழு. கறுப்பின இளைஞர்கள் நால்வர். ஜாஸ் ஃபியூஷன் வாசித்துக்கொண்டிருந்தவர்கள் பங்க் பக்கம் வந்தார்கள், ஜமைக்காவில் பிறந்த ராஸ்தஃபாரி சமய நெறியில் ஈடுபட்டு அந்நாட்டு இசையான ரெகேயும் சேர்த்து வாசித்தார்கள். அவர்களுடைய பாடகர் எச்.ஆர். பாட்டிலும் மேடைப் பேச்சிலும் ‘மேஷ்’ என்ற ஆங்கில வினையை அடிக்கடி பயன்படுத்தினார். அதற்கு நேர்ப்பொருள் மசிப்பது, நசுக்குவது. அவர் சொன்ன ஜமைக்க உச்சரிப்பில் அது ‘மாஷ்’ என்று கூட்டத்தின் காதில் விழுந்தது. ரசிகர்கள் கையால் எழுதி நகலெடுத்து விற்ற சிற்றிதழ்களில் கொஞ்ச காலம் மேஷ் என்று எழுதி மாஷ் என்று படித்தார்கள். அப்புறம் எழுத்தும் ஒலியின் பின்னாலேயே போய்விட்டது. பரவலாக ஏற்கப்பட்டிருக்கும் பிறப்புக் கதை இதுதான். (நம்முடைய ‘மசி’யோடு ஒலி ஒத்துப்போவது தற்செயல். உறவு எதுவும் இல்லை.)

ஜமைக்கப் பேச்சில் இந்த ‘மேஷ்’ இன்னொரு வேலையும் செய்கிறது. உடைத்து நொறுக்குவது என்பதோடு, மேடையில் அசத்துவது, கூட்டத்தை அதிரவைப்பது என்ற பொருளும் அதற்கு உண்டு. ‘பிச்சு உதறிட்டாங்க’, ‘கலக்கிட்டாங்க’ என்று நாம் பாராட்டும்போது யாரும் எதையும் பிய்க்கவில்லை, கலக்கவில்லை அல்லவா? அழிவைக் குறிக்கும் வினை உச்சமான ஆட்டத்துக்குப் பாராட்டாக மாறுவது தமிழிலும் அன்றாடம் நடப்பது. ஆகவே மாஷ் என்ற சொல்லின் வேரிலேயே இரண்டும் இருக்கின்றன, நொறுக்குவதும் கொண்டாடுவதும். தமிழ்ச் சொல் தேடும்போது இந்த இரண்டில் ஒன்றைத் தவறவிட்டால் சொல் பொய்யாகிவிடும் என்பது என் உறுதியான எண்ணம்.

பெயர் வருமுன்பே ஆட்டம் இருந்தது. 1976 வாக்கில் லண்டன் பங்க் கூட்டம் நின்ற இடத்திலேயே மேலும் கீழும் குதித்தது. அதற்குப் பெயர் போகோ. குழந்தைகள் ஏறி நின்று குதிக்கும் சுருள்வில் கோலின் பெயரிலிருந்து வந்தது. செக்ஸ் பிஸ்டல்ஸ் குழுவில் பிறகு சேர்ந்த சிட் விஷஸ்தான் அதைத் தொடங்கியவர் என்பார்கள். 1970களின் கடைசியில் தெற்குக் கலிபோர்னியாவில், முக்கியமாக ஹன்டிங்டன் பீச் பக்கத்து இளைஞர்களிடையே, மேலும் கீழுமாக இருந்த குதிப்பு பக்கவாட்டு மோதலாக மாறியது. அதற்கு ஸ்லாம் டான்ஸ் என்று பெயர் வந்தது. இந்த ஸ்லாம்தான் கிழக்குக் கரைக்குப் போய் மாஷ் என்ற புதுப் பெயரை எடுத்துக்கொண்டது. 1980களின் நடுவில் ஹார்ட்கோர் கூட்டமும் மெட்டல் கூட்டமும் நியூயார்க்கில் ஒரே அறையில் நிற்கத் தொடங்கியபோது சொல் மெட்டலுக்குள் புகுந்தது. 1987இல் ஆந்த்ராக்ஸ் குழுவின் ஒரு பாட்டுத் தலைப்பிலேயே அது வந்துவிட்டது. அதற்குப் பிறகு உலகம் முழுவதும் மாஷ்தான்.

‘பிட்’ பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. குழி, பள்ளம் என்று பொருள். மேடையைவிடத் தாழ்ந்த தளத்தைக் குறிக்க நாடக அரங்குகளில் ஏற்கெனவே இருந்த சொல். குழி எதுவும் தோண்டப்படுவதில்லை என்பதால் ‘மாஷ் குழி’ என்று மொழிபெயர்ப்பது வீண்.

சரி, உள்ளே என்னதான் நடக்கிறது? வெளியிலிருந்து பார்த்தால் அடிதடி மாதிரி இருக்கும். உள்ளே எழுதப்படாத சட்டங்கள் உண்டு. முதல் சட்டம் எல்லோருக்கும் தெரியும்: யாராவது விழுந்தால் உடனே தூக்கு. விழுந்தவரைச் சுற்றி நான்கைந்து பேர் கையை விரித்து வளையம் போடுவார்கள், இரண்டு பேர் அக்குளில் கைகொடுத்துத் தூக்குவார்கள். எல்லாம் இரண்டு மூன்று நொடிக்குள் முடிந்துவிடும், பாட்டு நிற்காது. மூக்குக்கண்ணாடி கீழே விழுந்தால் எடுத்தவர் தலைக்குமேல் உயர்த்திக் காட்டுவார். ஷூ நாடா அவிழ்ந்து ஒருவர் குனிந்தால் முன்பின் தெரியாதவர்கள் முதுகைக் காட்டி அணை கட்டுவார்கள். தோளால் மோதலாம், உள்ளங்கையால் தள்ளலாம், முழங்கையைத் தலை உயரத்துக்குக் கொண்டுவரக் கூடாது. ஆட விரும்பாத யாரையும் உள்ளே இழுக்கக் கூடாது. ஓரத்தில் நிற்பவர்களுக்கும் வேலை உண்டு. வெளியே தெறித்து வருபவரைத் தாங்கி மெதுவாக உள்ளே திருப்பி அனுப்புவது அவர்கள்தான். நண்பர்களாகப் போனால் பையும் கண்ணாடியும் பார்த்துக்கொள்ள ஒருவர் ஓரத்தில் நிற்பார், இரண்டு பாட்டுக்கு ஒருமுறை ஆள் மாறும். காதில் அடைப்பான் போட்டுக்கொள்ளச் சொல்லி ஞாபகப்படுத்துவதும் அப்படிப்பட்ட நண்பர்தான். 100 டெசிபல் ஒலியில் பாதுகாப்பாக நிற்கலாம் என்று அமெரிக்கத் தொழில் நலப் பரிந்துரை சொல்வது 15 நிமிடம் மட்டுமே. சின்ன அறையில் டிரம்மும் ஆம்ப்ளிஃபயரும் அந்த அளவை எளிதாகத் தாண்டிவிடும்.

இதை இயற்பியலாளர்கள்கூட ஆராய்ந்திருக்கிறார்கள். அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த குழு, இணையத்தில் கிடைத்த மெட்டல் நிகழ்ச்சிக் காணொளிகளை அளந்து 2013இல் கட்டுரை வெளியிட்டது. பிட்டுக்குள் இருப்பவர்களின் வேகங்கள் வாயு மூலக்கூறுகளின் வேகங்களைப் போலவே பரவியிருக்கின்றன என்பது அவர்கள் கண்டது. கூட்டம் ஒரே திசையில் வட்டமாக ஓடத் தொடங்கினால் அது சுழலாக மாறும். பெரும்பாலான வட்டங்கள் இடஞ்சுழியாகவே ஓடுகின்றன. எனக்கு இதில் பிடித்தது, ஒருவரும் உத்தரவு போடாமல் கூட்டத்தில் ஒழுங்கு பிறக்கிறது என்பது.

எல்லாப் பிட்டும் இப்படி அன்பாக இருந்ததில்லை. வலுவான ஆண்கள் முன்வரிசையைத் தங்களுடையதாக்கிக்கொண்டு மற்றவர்களைப் பின்னால் தள்ளிய வரலாறும் இருக்கிறது. அதை எதிர்த்த குரல்களும் பங்க்குக்குள்ளிருந்தே வந்தன. வாஷிங்டனின் ஃபுகாசி குழு, யாராவது பிறரை அடித்தால் பாட்டை நிறுத்திவிட்டு அவரைப் பார்த்தே பேசும். கேட்காவிட்டால் நுழைவுக் கட்டணத்தைத் திருப்பிக் கொடுத்து வெளியே அனுப்பும். அவர்களுடைய கட்டணம் பெரும்பாலும் 5 டாலராகவே இருந்தது. 1990களின் தொடக்கத்தில் பிகினி கில் குழுவின் பாடகி கேத்லீன் ஹானா ‘பெண்களெல்லாம் முன்னால் வாங்க’ என்று மேடையிலிருந்து கூப்பிட்டார். அந்த அழைப்பு ஒரு இயக்கத்தின் முழக்கமாகவே ஆனது. கலிபோர்னியாவின் பெர்க்லியில் 1986 டிசம்பர் 31 அன்று திறந்த 924 கில்மன் தெரு அரங்கைத் தன்னார்வலர்களே நடத்தினார்கள். வன்முறை கூடாது, இனவெறி கூடாது, பெண்ணை இழிவு செய்யக் கூடாது, மது கூடாது என்று விதிகளை அங்கே எழுதியே வைத்தார்கள். எல்லா வயதினரும் வரலாம். நண்பர்களோடு முதல்முறை போகும் பதினாறு வயதுப் பிள்ளைக்கு இப்படியொரு இடம் எவ்வளவு பெரியது என்பது போனவர்களுக்குத் தெரியும்.

இனி தமிழ். மாஷ் என்பதற்குச் சட்டென்று வாயில் வரும் சொல் ‘தள்ளுமுள்ளு’. அழகான சொல், ஓசையிலேயே காட்சி இருக்கிறது. ஆனால் செய்தித்தாள்கள் அதைத் தகராறுக்கென்றே ஒதுக்கிவிட்டன. தள்ளுமுள்ளு என்றால் அடுத்த வரியில் போலீஸ் வரும். ‘முண்டியடித்தல்’ இன்னும் பொருந்தாது. முண்டியடிப்பவருக்கு முன்னால் போய்ச் சேர ஒரு இடம் இருக்கிறது. பிட்டில் இருப்பவர் எங்கும் போய்ச் சேரப் பார்ப்பதில்லை, இருக்கும் இடத்திலேயே இருப்பதற்காகத்தான் மோதுகிறார். ‘ரகளை’, ‘அமளி’ இரண்டும் பார்ப்பவரின் எரிச்சலைச் சொல்கின்றன, ஆடுபவரின் மகிழ்ச்சியைச் சொல்லவில்லை. ‘கும்மாளம்’ மகிழ்ச்சியைச் சொல்கிறது, மோதலை விட்டுவிடுகிறது.

பழந்தமிழில் ஒரு சொல் கிட்டத்தட்ட வந்து நிற்கிறது: துணங்கை. இரு கைகளையும் முடக்கி, முழங்கையால் விலாவில் அடித்துக்கொண்டு ஆடும் கூத்து என்று பழைய உரைகள் விளக்குகின்றன. போர்க்களத்தில் வீரரும் பேய்மகளிரும் ஆடியதாகப் பாடல்கள் உண்டு, விழாவில் பெண்கள் கைபிணைத்து ஆடியதாகவும் உண்டு. குறுந்தொகையின் 31ஆம் பாடலில் ஆதிமந்தி, காணாமல் போன தன் தலைவனை வீரர் கூடிய விழாவிலும் ‘மகளிர் தழீஇய துணங்கை’யிலும் தேடுகிறாள். ஒரே ஆட்டத்தில் முழங்கை அடியும் தழுவுதலும்! மாஷுக்கு இதைவிட நெருங்கிய உறவு கிடைக்குமா என்று ஆசையாகத்தான் இருக்கிறது. ஆனாலும் அந்தச் சொல்லை அப்படியே தூக்கி மாஷுக்குச் சூட்டுவதை நான் ஏற்கவில்லை. துணங்கையில் அடி விழுவது தன் விலாவில், மாஷில் படுவது அடுத்தவர் தோளில். தவிரவும், துணங்கை தனக்கென்று களமும் காலமும் உள்ள ஒரு கூத்தின் பெயர். அதைத் திருப்பிக் கொடுக்காத கடனாக எடுக்கக் கூடாது.

என் பரிந்துரை ‘மோதாட்டம்’. மோது என்ற வினையின் இறுதி உகரம் கெட்டு ஆட்டம் வந்து சேர்கிறது. கோலாட்டம், ஒயிலாட்டம் என்ற வரிசையில் காதுக்கு அந்நியமாக இல்லை. ‘மோது’ பகைச்சொல் ஆயிற்றே என்று கேட்கலாம். ‘மோதிப் பார்’ என்பதில் பகை இருப்பது உண்மை. ஆனால் ‘கூட்டம் அலைமோதியது’ என்று எழுதும்போது பகை எங்கே இருக்கிறது? ஆர்வமும் நெருக்கமும் பொங்குவதும்தான் இருக்கின்றன. மாஷுக்கு வேண்டிய மோது அந்த மோது. இடத்துக்கு ‘களம்’ போதும். ஆடுகளம் போட்டிக்குப் போய்விட்டது, போர்க்களம் வேண்டாம், வெறும் களம் என்பது சூழலிலேயே விளங்கும். ஓரத்துக்குக் ‘கரை’ என்பேன். அலைமோதும் இடத்துக்குக் கரை இருப்பது முறைதானே. ‘அவள் களத்தில் இருக்கிறாள், நான் கரையில் நின்று எல்லோருடைய பையையும் வைத்திருக்கிறேன்’ என்று எழுதிப் பார்த்தேன், தட்டுத்தடங்கல் இல்லாமல் படிக்க வருகிறது. பேச்சில் பிட் என்றே சொல்லிக்கொள்ளட்டும், அதில் தவறில்லை. எழுதும்போதும் மொழிபெயர்க்கும்போதும் தமிழ்ச் சொல் கையில் இருந்தால் நல்லது.

கூடவே வரும் சில சொற்கள். போகோவுக்குப் புதுச்சொல் தேவையே இல்லை, ‘குதியாட்டம்’ என்று நம்மிடம் எப்போதோ இருக்கிறது. சர்க்கிள் பிட்: வட்ட ஓட்டம். மேடையிலிருந்து கூட்டத்தின்மேல் பாயும் ஸ்டேஜ் டைவ்: மேடைப் பாய்ச்சல். கூட்டத்தின் உயர்த்திய கைகளில் ஒருவர் படுத்தபடி நகர்ந்து போகும் கிரவுட் சர்ஃபிங்குக்குக் ‘கைமிதப்பு’ என்று வைக்கலாம். அலைச்சறுக்கு விளையாட்டை இதில் கொண்டுவர வேண்டாம். அங்கே சறுக்குபவர் நிற்கிறார், இங்கே மிதப்பவர் தன்னை முழுக்கப் பிறர் கையில் ஒப்படைத்துவிடுகிறார். கூட்டம் இரண்டு பாதியாகப் பிரிந்து எதிரெதிரே ஓடிவந்து மோதுவதற்கு ஆங்கிலத்தில் மரணத்தின் சுவர் என்ற பொருளில் ஒரு பெயர் இருக்கிறது. தமிழில் ‘அணிமோதல்’ என்றாலே விளங்கும். ஐம்பது பேர் நிற்கும் அறையில் அதற்கு இடமும் இருக்காது. அங்கே ‘தூக்கு!’ என்ற ஒற்றை வினைதான் அதிகம் தேவைப்படும், அதை எந்த மொழியிலிருந்தும் கொண்டுவர வேண்டியதில்லை.