கையெழுத்து தம்பியுடையது, வீடு இருவருடையது

சேலம் செவ்வாய்ப்பேட்டையிலிருந்து ஓர் அக்கா வந்திருந்தார். மஞ்சள் பையிலிருந்து வில்லங்கச் சான்றை எடுத்து மேசைமேல் விரித்தார். கடைசிப் பதிவு: உரிமை ஆவணங்களின் ஒப்படைப்பு, 18 லட்சம். அப்பா சுயமாகச் சம்பாதித்த வீடு, உயில் எழுதவில்லை, அம்மாவும் இல்லை. கொலுசுப் பட்டறைக்குப் பணம் வேண்டுமென்று தம்பி போன வருடம் வீட்டைத் தன் ஒருவர் சொத்தாகக் காட்டி வங்கியில் அடமானம் வைத்துவிட்டார்.

"இது போர்ஜரிதானே சார்? உள்ள தள்ளணும்."

இல்லை என்றேன். அவர் முகம் மாறிவிட்டது. இந்தப் பதிலுக்காகவே வேறு வக்கீலைத் தேடிப் போனவர்களும் உண்டு.

தம்பி தன் பெயரில்தான் கையெழுத்துப் போட்டிருக்கிறார், வேறொருவராக நடிக்கவில்லை. தனக்கு உரிமையில்லாததைத் தன்னுடையது என்று எழுதிக்கொடுப்பது பொய்தான், ஆனால் அந்தப் பத்திரம் போலி ஆவணம் ஆகாது. முகமது இப்ராகிம் வழக்கில் 2009-லேயே உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாகச் சொல்லிவிட்டது. சரி, மோசடி என்றாவது போடலாமா? பொய்யை நம்பிப் பணம் கொடுத்தது வங்கி, ஏமாந்ததும் வங்கி. அந்தப் புகாரை வங்கிதான் கொடுக்க வேண்டும். தவணை ஒழுங்காக வரும்வரை எந்த மேலாளரும் அதைக் கிளறி நான் பார்த்ததில்லை.

அப்புறம் வாரிசுச் சான்றிதழைக் கேட்டேன். அவரிடம் அசல் இருந்தது. வங்கிக்குக் கொடுத்ததன் ஜெராக்ஸைத் தம்பி மனைவியே இரக்கப்பட்டுக் கொடுத்திருந்தார். அசலில் 1 அக்கா, 2 தம்பி. ஜெராக்ஸில் தம்பி மட்டும்தான். ஆனால் அவர் பெயருக்கு முன்னால் வரிசை எண் 2 அப்படியே நின்றது!

இங்கே கதை மாறுகிறது. தாசில்தாரிடம் பொய் சொல்லி வாங்கிய சான்று வேறு. வாங்கிய சான்றை வெட்டி ஒட்டித் திருத்தியது வேறு. பின்னது போலி ஆவணம். அதிலும், திருத்தியது தம்பியா, ஜெராக்ஸ் கடைக்காரரா, கடன் ஏஜெண்டா என்று நிரூபிக்க வேண்டும். தயாரித்தவர் மீதுதான் போர்ஜரி நிற்கும் என்று ஷீலா செபாஸ்டியன் வழக்கில் 2018-இல் தீர்ப்பு இருக்கிறது. போலி என்று தெரிந்தே பயன்படுத்தியது தனிக் குற்றம்.

வீட்டைக் காப்பாற்ற வழி சிவில் கோர்ட்டில். பாகப்பிரிவினை வழக்குப் போட்டால், அடமானம் தம்பியின் பாதிப் பங்கை மட்டுமே கட்டுப்படுத்தும் என்று வாதாடலாம்.

இதே சட்டம் எதிர்ப்பக்கமும் வேலை செய்யும். தொழில் படுத்துத் தவணை நின்றவர்களிடம் "420 போடுவோம்" என்று வசூல் ஆட்கள் மிரட்டுவதைக் கேட்கிறேன். 420 என்பது பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் மோசடிப் பிரிவு; 1.7.2024 முதல் அது புதிய சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 318(4). எண் எதுவானாலும், கடன் வாங்கும்போதே ஏமாற்றும் எண்ணம் இருந்திருக்க வேண்டும். பின்னால் கட்ட முடியாமல் போனது மட்டும் மோசடி ஆகாது. வங்கி 60 நாள் நோட்டீஸ் கொடுத்துச் சொத்தின் மேல் நடவடிக்கை எடுக்கலாம், அவ்வளவுதான்.

அக்கா இரண்டு சான்றிதழையும் மடித்துப் பைக்குள் வைத்தார். "சிவில் கேஸை இப்பவே போட்டுடுங்க சார். போலீஸ் கம்ப்ளைண்ட்டு... கோட்டை மாரியம்மன் பண்டிகை முடியட்டும், சொல்றேன்."