கணப்படுப்பைச் சுற்றி டைல்ஸ்: முதலில் பார்க்கவேண்டியது பின்பக்கம்

இங்கிலாந்தில் பழைய வீட்டுக்கு விறகுக் கணப்படுப்பு வைப்பவர்கள் முதலில் கேட்பது, "எந்த டைல் சூடு தாங்கும்?" என்றுதான். போர்சலின் டைல் சுமார் 1200 டிகிரி செல்சியஸில் சுட்டு எடுத்தது. கணப்படுப்பின் சூட்டில் அது கருகப்போவதில்லை. டைல் கழன்று விழுந்தால், குற்றம் பெரும்பாலும் பின்னால் இருக்கும் பலகையிலும் பசையிலும்தான்.

சாதாரண பிளாஸ்டர்போர்டில், அதாவது ஜிப்சம் பலகையில், ஒட்டவே ஒட்டாதீர்கள். ஜிப்சத்தில் கட்டுண்ட நீர் தொடர்சூட்டில் வெளியேறி, பலகை பொடிந்துவிடும். அதைவிட ஆபத்து, உள்ளே இருக்கும் மரச்சட்டம். டைல் சூட்டைத் தடுக்காது, உள்ளே கடத்தும். நாள்தோறும் சூடேறும் மரம் மெல்லக் கரியாகி, வழக்கத்தைவிடக் குறைந்த வெப்பத்திலேயே பற்றிக்கொள்ளும். ஆகவே அடுப்பின் கையேடு சொல்லும் இடைவெளியை டைல் வரைக்கும் அல்ல, மரம் வரைக்கும் அளக்க வேண்டும். சுவருக்குக் கால்சியம் சிலிகேட் பலகை அல்லது சிமென்ட் பலகை. செங்கல் சுவரானால் சிமென்ட் பூச்சே போதும்.

டப்பாவில் கலந்தே வரும் பசை வேண்டாம், சூட்டில் இளகும். சிமென்ட் பசை வாங்குங்கள். மூட்டையில் சி2 எஸ்1 என்றிருப்பதைப் பார்த்துத் திருப்தியடைந்துவிடுகிறார்கள்; சி2 என்பது மேம்பட்ட சிமென்ட் பசை என்ற வகைக்குறி, எஸ்1 என்பது பசை வளைந்துகொடுக்கும் அளவு; இரண்டுமே வெப்பம் தாங்கும் அளவு அல்ல. எத்தனை டிகிரி வரை தாங்கும் என்பதைத் தனியாகத் தேடிப் படியுங்கள். டைலின் முதுகிலும் பசை தடவி, காற்றுக்கு இடமின்றி அழுத்துங்கள். டைல் இடுக்குகளை நிரப்பும் கிரவுட்டும் சிமென்ட் வகையே. எபாக்சி என்ற பிசின் வகை இங்கே ஆகாது.

வலைத்துணியில் ஒட்டிய மொசைக், பின்புறம் ரெசின் பூசிய கல், இரண்டையும் தவிர்க்கலாம். சூட்டில் அந்த ஒட்டுதான் முதலில் விடும்.

அடுப்பு நிற்கும் மேடைக்கு விதிகள் உண்டு. அடுப்பு தன் கீழ்த்தளத்தை 100 டிகிரிக்கு மேல் சூடாக்காது என்று கையேடு உறுதி சொன்னால், 12 மி.மீ. எரியாத தளம் போதும். இல்லையென்றால் 125 மி.மீ. தடிமனுள்ள எரியாத கட்டுமானம் வேண்டும். மூடிய கதவுள்ள அடுப்புக்கு முன்னால் 225 மி.மீ., பக்கங்களில் 150 மி.மீ. தளம் நீண்டிருக்க வேண்டும்; கதவைத் திறந்துவைத்தும் எரிக்கலாம் என்ற வகைக்கு முன்னால் 300. பெரிய ஒற்றைக் கல்லை ஆசையோடு போடுவார்கள். அடுப்பின் அடியில் சூடு, ஓரத்தில் குளிர். நடுப்பகுதி விரிய, ஓரம் இழுத்துப்பிடிக்க, குறுக்கே வெடிக்கும். துண்டுகளாக வெட்டி இடைவெளிவிட்டுப் பதிப்பதே சரி.

போர்சலினும் விரியும்: ஒரு மீட்டருக்கு 60 டிகிரி ஏற்றத்தில் ஏறத்தாழ 0.4 மி.மீ. சுவர் முனையிலும் மேடை சேருமிடத்திலும் கிரவுட்டுக்குப் பதில் 5 மி.மீ. இடைவெளி விட்டு, அதிவெப்ப சிலிகோன் நிரப்புங்கள்.

பசை மூட்டையில் குறித்த நாள்வரை நெருப்பு மூட்டாதீர்கள். பிறகு முதல் சில தடவை சிறு நெருப்பு மட்டும். அடுப்பு முழுதும் ஆறியபின் நாணயத்தால் டைலைத் தட்டிப் பாருங்கள். பொத்தென்று வெற்றொலி கேட்டால் பசை விட்டுவிட்டது, கண்ணுக்குத் தெரியும் முன்பே.