நீராவி எஞ்சினின் குளிர்ந்த பக்கம்

வடலூர் தாண்டி நெய்வேலி நெருங்கும்போது, இடுப்பு சிறுத்த பெரிய பெரிய கோபுரங்களின் வாயிலிருந்து வெள்ளையாக ஏதோ கிளம்பிக்கொண்டே இருக்கும். பஸ்ஸில் யாராவது ஒருவர் கட்டாயம் "எவ்ளோ புகை விடுறான் பாரு" என்பார். அது புகை இல்லை. புகை போவது பக்கத்தில் ஒல்லியாக, நெட்டையாக நிற்கும் புகைபோக்கி வழியாக. கோபுரத்திலிருந்து வருவது வெறும் ஈரக்காற்று. ஆனால் அந்த ஈரக்காற்றோடு சேர்ந்து உள்ளே எரித்த பழுப்பு நிலக்கரியின் சூட்டில் ஏறக்குறைய பாதி வானத்துக்குப் போய்க்கொண்டிருக்கிறது. கவனக்குறைவால் இல்லை, வேண்டுமென்றேதான் அப்படி அனுப்புகிறார்கள். அனுப்பாவிட்டால் மின்சாரம் வராது.

இது ஏன் என்று புரிந்துவிட்டால் நீராவி எஞ்சினே புரிந்துவிடும். எஞ்சின் என்றதும் எல்லோரும் நெருப்பு, கொதிப்பு, பாய்லர் என்றுதான் ஆரம்பிக்கிறார்கள். பள்ளிக்கூடத்துப் பாடத்திலும் ஆவி பிஸ்டனைத் தள்ளும், சக்கரம் சுற்றும், முடிந்தது. எனக்கென்னவோ கொதிக்க வைப்பது இதில் சுலபமான பாதி என்றுதான் படுகிறது. சூட்சுமம் முழுக்க அந்த ஆவியை எங்கே, எப்படிக் குளிர வைக்கிறோம் என்பதில் இருக்கிறது.

முதலில் இரண்டு விஷயம் தெரிந்துகொள்ள வேண்டும். ஒரு லிட்டர் தண்ணீர் முழுவதும் ஆவியானால், சாதாரணக் காற்றழுத்தத்தில், சுமார் 1,600 முதல் 1,700 லிட்டர் இடத்தை அடைத்துக்கொள்ளும். இது ஒன்று. இன்னொன்று, நம்மூர்க் குழாயில் வரும் 30 டிகிரி தண்ணீர் ஒரு கிலோவை 100 டிகிரிக்குக் கொண்டுவர 70 கிலோகலோரி போதும். அந்த 100 டிகிரி தண்ணீரை அதே 100 டிகிரி ஆவியாக மாற்ற மேற்கொண்டு 540 கிலோகலோரி வேண்டும். வெப்பமானியில் ஒரு கோடுகூட ஏறாது, ஆனால் அடுப்பு ஏழெட்டு மடங்கு எரிய வேண்டும். ஜோசப் பிளாக் என்ற ஸ்காட்லாந்துக்காரர் 18ஆம் நூற்றாண்டில் இதைக் கண்டுபிடித்து உள்ளுறை வெப்பம் என்றார். இட்லி பத்து நிமிடத்தில் வெந்துவிடுவது இதனால்தான்: ஆவி மாவின் மேல் பட்டுத் தண்ணீராகும்போது, பதுக்கி வைத்திருந்த அந்த 540ஐயும் மொத்தமாகக் கொடுத்துவிடுகிறது.

சரி, இப்போது திருப்பிப் பாருங்கள். மூடிய பாத்திரத்துக்குள் 1,600 லிட்டர் ஆவி இருக்கிறது, அதைச் சட்டென்று குளிர வைத்தால் ஒரு லிட்டர் தண்ணீர்தான் மிஞ்சும். மீதி இடத்தில்? ஒன்றும் இல்லை, வெற்றிடம். இதை வீட்டிலேயே பார்த்துவிடலாம். காலியான கூல்டிரிங்ஸ் அலுமினியக் கேனில் இரண்டு ஸ்பூன் தண்ணீர் ஊற்றி அடுப்பில் வையுங்கள். வாய் வழியாக ஆவி நன்றாகக் கிளம்பியதும் இடுக்கியால் பிடித்து, குளிர்ந்த தண்ணீர் இருக்கும் பாத்திரத்தில் தலைகீழாகக் கவிழ்த்தால், 'டப்' என்று ஒரே சத்தம், கேன் நசுங்கிப் போயிருக்கும். கண் இமைக்கும் நேரத்துக்குள் முடிந்துவிடும். (பிள்ளைகள் செய்வதானால் பெரியவர் ஒருவர் பக்கத்தில் இருக்கட்டும், ஆவி பட்டால் வெந்நீர் பட்டதைவிட மோசமாக வெந்துபோகும்.) கேனை நசுக்கியது ஆவி இல்லை, வெளியே நம்மைச் சுற்றி எப்போதும் இருக்கிற காற்று. அது ஒவ்வொரு சதுர சென்டிமீட்டரிலும் ஏறக்குறைய ஒரு கிலோ எடையாக அழுத்திக்கொண்டிருக்கிறது. உள்ளேயும் காற்று இருப்பதால் நமக்குத் தெரிவதில்லை, அவ்வளவுதான்.

தாமஸ் நியூகோமன் 1712இல் இங்கிலாந்தின் டட்லி பக்கம் ஒரு நிலக்கரிச் சுரங்கத்தில் தண்ணீர் இறைக்க நிறுத்திய எஞ்சின் அப்படியே இந்த நசுங்கிய கேன்தான். 21 அங்குல விட்டமுள்ள சிலிண்டர், மேல்பக்கம் திறந்தது, உள்ளே பிஸ்டன், அதாவது சிலிண்டரை அடைத்தபடி ஏறி இறங்கும் தட்டு. பிஸ்டனுக்கு மேலே ஏற்றம் மாதிரி ஒரு பெரிய உத்தரம், அதன் மறுமுனையில் பம்பு. பம்பின் எடையே பிஸ்டனை மேலே தூக்கிவிடும், அந்த நேரத்தில் ஆவி சும்மா இடத்தை நிரப்பும், தள்ளுவதெல்லாம் கிடையாது. அப்புறம் சிலிண்டருக்குள் குளிர்ந்த தண்ணீரைப் பீச்சுவார்கள். ஆவி சுருங்கும், வெற்றிடம் உண்டாகும், வெளிக்காற்று பிஸ்டனை ஒரு டன்னுக்கு மேற்பட்ட விசையோடு கீழே அழுத்தும், சுரங்கத் தண்ணீர் மேலே வரும். நிமிடத்துக்குப் பன்னிரண்டு தடவை. உழைத்தது காற்று, பெயர் வாங்கியது நீராவி!

ஆனால் கரி தின்பதில் அது ராட்சசன். எரித்த கரியின் சூட்டில் நூற்றில் ஒரு பங்குகூட வேலையாக மாறவில்லை. காரணம் யோசித்தால் எளிது. ஒரே சிலிண்டரைத் தண்ணீர் பீச்சிக் குளிர வைக்கிறோம், அடுத்த நொடி அதே சிலிண்டருக்குள் புதிய ஆவியை விடுகிறோம், குளிர்ந்த இரும்பைச் சூடேற்றுவதிலேயே அந்த ஆவியில் பெரும்பகுதி தண்ணீராகிப் போய்விடும். கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தில் கருவிகள் செய்துகொண்டிருந்த ஜேம்ஸ் வாட்டிடம், 1763இன் குளிர்காலத்தில், நியூகோமன் எஞ்சினின் சிறிய மாதிரி ஒன்று ரிப்பேருக்கு வந்தது. அதை ஓட்டிப் பார்த்துத்தான் இந்த வீணடிப்பை அவர் கணக்குப் போட்டார். விடை கிடைத்தது 1765இல்: சிலிண்டரைக் குளிர வைக்கவே வேண்டாம், பக்கத்தில் தனியாக ஒரு குளிர்ந்த பெட்டி வைத்து, வேலை முடிந்த ஆவியை அங்கே இழுத்துக்கொண்டால் போதும். அதுதான் கண்டென்சர். சிலிண்டர் எப்போதும் சூடு, கண்டென்சர் எப்போதும் குளிர்ச்சி. 1769இல் காப்புரிமை. வாட் கெட்டிலைப் பார்த்து எஞ்சின் கண்டுபிடித்தார் என்ற கதையை இனியாவது விட்டுவிடலாம். அவர் கண்டுபிடித்தது சூடான பக்கத்தை இல்லை, குளிர்ந்த பக்கத்தை. கரிச் செலவு அவ்வளவு குறைந்ததால், மிச்சமாகிற கரியின் மதிப்பில் மூன்றில் ஒரு பங்கைத்தான் வாட்டும் அவருடைய தொழில் கூட்டாளி போல்ட்டனும் கூலியாகக் கேட்டார்கள். வியாபாரமும் தெரிந்தவர்கள்.

1780களில் மேலும் கீழும் ஆடிய உத்தரத்தைச் சக்கரம் சுற்ற வைக்கும் வழிகள் வந்தன, வேகத்தைத் தானே கட்டுப்படுத்தும் இரட்டைக் குண்டு கவர்னர் வந்தது. சுரங்கத்தில் தண்ணீர் இறைத்த எந்திரம் நூல் மில்லுக்குள் நுழைந்தது. அதுவரை மில் வேண்டுமானால் ஓடுகிற ஆறு வேண்டும், தண்ணீர்ச் சக்கரம் வேண்டும். இனி கரி போய்ச் சேருகிற எந்த ஊரிலும் வைக்கலாம். வருஷத்தில் பல மாதம் மணல் தெரியும் புதுச்சேரியின் சங்கராபரணி ஆற்றங்கரையில் தண்ணீர்ச் சக்கரத்தை நம்பி யார் மில் கட்டுவார்? ஆனாலும் புதுச்சேரி மில் ஊராகியது. 19ஆம் நூற்றாண்டிலேயே நூற்பாலைகள் வந்துவிட்டன, இங்கே சாயமிட்ட நீலக் கினீ துணி ஆப்பிரிக்காவின் செனகல் வரை கப்பலேறியது. கடலூர் சாலை ரோடியர் மில் 1898இல் தொடங்கி, பின்னாளில் ஏ.எஃப்.டி. (ஆங்கிலோ-பிரெஞ்சு டெக்ஸ்டைல்ஸ்) ஆகி, 2020இல் இழுத்து மூடப்பட்டது.

அந்தக் காலத்து நீராவி மில்லின் உள்ளமைப்பைத் தெரிந்துகொண்டால்தான் அது மனிதர்களை என்ன செய்தது என்பது புரியும். எஞ்சின் ஒன்றுதான். அதிலிருந்து கூரைக்கடியில் நீளமாக ஓடும் ஷாஃப்ட் என்ற சுழலும் தண்டு, ஷாஃப்ட்டிலிருந்து ஒவ்வொரு எந்திரத்துக்கும் இறங்கும் தோல் பெல்ட். எஞ்சின் ஓடினால் எல்லாமும் ஓடும், நின்றால் எல்லாமும் நிற்கும். வீட்டுத் தறியில் நெய்பவர் நினைத்தபோது எழுந்து போய் ஒரு வாய் தண்ணீர் குடிப்பார். இங்கே அது நடக்காது, நூற்றுக்கணக்கான பேர் ஒரே நேரத்தில் வந்தாக வேண்டும். அதற்குத்தான் சங்கு. ஊருக்கே மணி சொன்ன மில் சங்கு. எந்திரத்துக்கு அலுப்பு கிடையாது, கரி போடப் போட ஓடும். மனுஷனுக்கு எவ்வளவு நேரம் என்ற கேள்வி அதனால்தான் எல்லா மில் ஊர்களிலும் வெடித்தது. புதுச்சேரியில் 1936 ஜூலை 30 அன்று வேலைநிறுத்தத்தில் இருந்த தொழிலாளர்கள் மீது துப்பாக்கிச் சூடு நடந்து 12 பேர் இறந்தார்கள். அடுத்த வருஷம் பிரெஞ்சிந்தியாவில் எட்டு மணி நேர வேலை சட்டமானது.

ரயில் எஞ்சின் வேறு ஜாதி. அதில் கண்டென்சர் கிடையாது, சுமந்துகொண்டு ஓட முடியாது. அதனால் ரிச்சர்ட் டிரெவிதிக் 1804இல் வேல்ஸில் பத்து டன் இரும்பையும் எழுபது ஆட்களையும் ஏற்றி இழுத்துக் காட்டியபோது, வெற்றிடத்தை விட்டுவிட்டு உயர் அழுத்தத்தை நம்பினார். ஆவி நிஜமாகவே தள்ளியது, வேலை முடிந்ததும் வானத்தில் விடப்பட்டது. 1879 முதல் விழுப்புரத்துக்கும் புதுச்சேரிக்கும் இடையே ஓடியதும் அந்த வகைக் கரி எஞ்சின்தான். 'குப் குப்' சத்தம் வருகிறதே, அது சிலிண்டரிலிருந்து தப்பிக்கும் ஆவி புகைபோக்கியின் அடியில் பீறிடும் சத்தம், சக்கரம் ஒரு சுற்றுக்கு நான்கு. அந்தப் பீறிடல் போகிற போக்கில் புகையையும் இழுத்துக்கொண்டு போகும், அடுப்புக்குள் புதுக் காற்று பாயும். பாரம் கூடினால் பீறிடல் பலமாகும், நெருப்பும் தானாகவே கூடும். தனியாக விசிறி எதுவும் வேண்டாம். ஆவியை வீணாக்குவதில்கூட இப்படி ஒரு கெட்டிக்காரத்தனம். ஆனாலும் எரித்த கரியில் பத்தில் ஒரு பங்குகூடத் தேறாது, வழியெல்லாம் தண்ணீர் வேறு பிடிக்க வேண்டும்.

ஏன் தேறாது என்பதற்கு 1824லேயே சாடி கார்னோ என்ற பிரெஞ்சு இளைஞர் விடை எழுதிவைத்திருந்தார். சூட்டிலிருந்து எவ்வளவு வேலை எடுக்கலாம் என்பதைச் சூடான பக்கமும் குளிர்ந்த பக்கமும் எவ்வளவு வித்தியாசத்தில் இருக்கின்றன என்பதுதான் தீர்மானிக்கும், எந்த மேதை செய்த எஞ்சினாக இருந்தாலும் அந்த எல்லையைத் தாண்டாது. இன்றைய பெரிய அனல்மின் நிலையத்தில் ஆவி 540 டிகிரி அளவில் உள்ளே போய், 45 டிகிரி அளவில் கண்டென்சருக்கு வருகிறது என்று வைத்துக்கொண்டால், எல்லை சுமார் 61 சதவீதம். நடைமுறையில் கிடைப்பது 35 முதல் 40. பிஸ்டன் போய், 1884இல் சார்லஸ் பார்சன்ஸ் கொண்டுவந்த டர்பைன், அதாவது ஆவி பாய்ந்து சுழற்றும் இதழ்ச் சக்கரம், வந்துவிட்டது. நெய்வேலியில் 1962இல் சோவியத் உதவியோடு ஓடத் தொடங்கிய முதல் 50 மெகாவாட் டர்பைன் முதல் இன்றைய பெரிய டர்பைன்கள் வரை வேலை ஒன்றுதான், நிமிடத்துக்கு 3,000 சுற்று. ஆனால் டர்பைனின் கடைசியில் இருப்பது அதே வாட்டின் குளிர்ந்த பெட்டி. உள்ளே அழுத்தம் வெளிக்காற்றில் பத்தில் ஒரு பங்கு. அதைக் குளிர வைக்கும் தண்ணீர் சூடாகிக் கோபுரத்தில் மழையாய் விழுந்து ஆறுகிறது, அதுதான் பஸ்ஸிலிருந்து தெரிகிற 'புகை'. கடலோரத்தில் இருக்கும் கல்பாக்கத்துக்குக் கோபுரம் வேண்டாம், கடலே குளிர வைத்துவிடுகிறது. அணுவைப் பிளந்து அங்கே செய்வதும் தண்ணீரைக் கொதிக்க வைப்பதைத்தான்.

இவ்வளவு சூட்டைத் தூக்கிப் போடத்தான் வேண்டுமா? கடலூர் மாவட்டத்திலேயே இதற்கு வேறு பதில் வைத்திருக்கும் தொழில் ஒன்று உண்டு, சர்க்கரை ஆலை. நெல்லிக்குப்பத்தில் 1840களிலிருந்து சர்க்கரைத் தொழில் நடக்கிறது. சர்க்கரை ஆலையில் ஒரு டன் கரும்பைப் பிழிந்தால் 300 கிலோவுக்குக் கொஞ்சம் குறைவாகச் சக்கை மிஞ்சும், பாதி ஈரம்தான், இருந்தாலும் பாய்லரில் எரியும். அந்த ஆவி டர்பைனைச் சுற்றிவிட்டு வெளியே வரும்போது, கண்டென்சருக்குப் போகாமல் சாறு காய்ச்சப் போகிறது. அதாவது குளிர்ந்த பக்கமே கரும்புச்சாறுதான். ஒளித்து வைத்த அந்த 540 கிலோகலோரி இட்லிப் பானையில் போலவே உருப்படியாகச் செலவாகிறது. அதோடும் விடுவதில்லை. சாற்றிலிருந்து கிளம்பும் ஆவியை அடுத்த பாத்திரத்துக்கு அனுப்பி, அங்கே அழுத்தத்தைக் குறைத்து வைத்தால் சாறு இன்னும் குறைந்த சூட்டில் கொதிக்கும். அதன் ஆவி அதற்கடுத்த பாத்திரத்துக்கு, இப்படி நான்கைந்து தடவை ஒரே சூட்டைப் பயன்படுத்துகிறார்கள். அமெரிக்காவின் நியூ ஆர்லியன்ஸில் பிறந்த நோர்பர்ட் ரில்லியூ 1840களில் காப்புரிமை வாங்கிய முறை இது. மிஞ்சும் மின்சாரத்தைப் பல ஆலைகள் மின்வாரியத்துக்கு விற்கின்றன. அரவை முடிந்து சாறு இல்லாத மாதங்களிலும் டர்பைனை ஓட்ட நினைக்கும் ஆலைக்கு மட்டும் வேறு வழி கிடையாது, அது கண்டென்சரும் கூலிங் டவரும் கட்டித்தான் ஆக வேண்டும்.