கொறங்காட்டை அளக்கப் போகும் ஆறாம் வகுப்பும் ஒன்பதாம் வகுப்பும்

பல வகுப்புப் பிள்ளைகளை ஒரே குழுவில் போட்டுச் செயல்திட்டம் கொடுத்தால் பெரும்பாலும் நடப்பது இதுதான்: ஒன்பதாவது படிக்கும் அக்கா எல்லாவற்றையும் எழுதுவாள், ஆறாவது படிக்கும் தம்பி சார்ட்டுக்கு வண்ணம் அடிப்பான். மேடையில் ஆறு பேரும் நிற்பார்கள். 'இந்தக் கணக்கு எப்படி வந்தது?' என்று நடுவர் கேட்டால் ஐந்து பேர் அக்கா முகத்தைப் பார்ப்பார்கள். சிறியவர்களுக்குத் திறமை போதவில்லை என்று ஆசிரியர்கள் சொல்வதை நாங்கள் ஏற்பதில்லை. அவர்கள் இல்லாமலே முடிந்துவிடும்படி வேலையைப் பிரித்ததுதான் கோளாறு.

காங்கேயம், தாராபுரம், மூலனூர், வெள்ளகோவில் பக்கத்துப் பள்ளிகளுக்குக் கைக்கெட்டும் தூரத்திலேயே நல்ல பாடப்பொருள் இருக்கிறது: கொறங்காடு, அதாவது வேலி போட்ட மேய்ச்சல் நிலம். சுற்றிலும் முள்கிளுவை வேலி, உள்ளே கொழுக்கட்டைப் புல், ஆங்காங்கே வெள்வேலமரம். காங்கேயம் மாடு மேய்ந்து வளர்ந்த நிலம். எண்ணவும் அளக்கவும் பேசிக் கேட்கவும் அதில் நிறைய உண்டு. அதையே எடுத்துக்காட்டாக வைத்துச் சொல்கிறோம்.

குழுவுக்கு ஆறு பேர் போதும். அவர்களை மூன்று ஜோடியாக்குங்கள். ஜோடிக்குள் இரண்டு அல்லது மூன்று வகுப்பு இடைவெளி இருக்கட்டும்: ஆறும் எட்டும், ஆறும் ஒன்பதும், ஏழும் ஒன்பதும். ஒரே வகுப்பென்றால் போட்டி வந்துவிடும். ஐந்து வகுப்பு இடைவெளி என்றால் பெரியவர் தாயாகிவிடுவார், சிறியவர் கைக்குழந்தையாகிவிடுவார். பொதுத்தேர்வு எழுதும் பத்தையும் பன்னிரண்டையும் விட்டுவிடுவது நல்லது. பேர் மட்டும் இருக்கும், ஆள் வராது. எந்த ஊர், எந்தத் தெரு என்று பார்த்துப் பிள்ளைகளே சேர்ந்துகொள்ள விடாமல் ஆசிரியரே ஜோடி போட வேண்டும். ஏன் என்று நம் பக்கத்து ஆசிரியர்களுக்கு விளக்க வேண்டியதில்லை.

அடுத்தது நோட்டு. குழுவுக்கு ஒரு நோட்டு என்று வைத்தால் அது பெரியவர் பையில்தான் இருக்கும். ஆளுக்கொரு நோட்டு வேண்டும். விதி ஒன்றே ஒன்று: சிறியவர் முதலில் அளந்து தன் நோட்டில் எழுத வேண்டும், வாயால் சொல்லக் கூடாது. பிறகு பெரியவர் அளந்து தன் நோட்டில் எழுத வேண்டும். அதன் பிறகுதான் இரண்டையும் சேர்த்துப் பார்ப்பது. இந்த வரிசை மாறினால் எல்லாம் போயிற்று. பெரியவர் "நூத்திப் பத்து" என்று சொல்லிவிட்டால், நாடாவில் நூற்றி இரண்டைப் பார்த்துக்கொண்டிருக்கும் பிள்ளையும் "ஆமாங்ண்ணா" என்றுதான் சொல்லும். அது மரியாதையில் வருவது, திட்டிப் பயனில்லை. எண் முன்பே காகிதத்தில் இருந்தால் மரியாதையும் கெடாது, அளவும் கெடாது.

இனி அளவுகள். பனியன் கம்பெனிக்கோ தையலுக்கோ போகிறவர்கள் பல வீடுகளில் இருப்பதால் தையல் நாடா எளிதாகக் கிடைக்கிறது. அதில்தான் முதல் தவறும் இருக்கிறது. ஒரு பக்கம் 150 சென்டிமீட்டர், மறுபக்கம் 60 இஞ்ச். ஒருவர் ஒரு பக்கத்தையும் இன்னொருவர் மறுபக்கத்தையும் பார்த்தால் ஒரே மரம் ஒரு நோட்டில் 40, அடுத்த நோட்டில் 102. புறப்படுவதற்கு முன் இஞ்ச் பக்கம் முழுக்க மை தடவிவிடுங்கள். பழைய துணி நாடா இழுபட்டு நீண்டிருக்கும். மீட்டர் கோலில் வைத்துப் பார்த்து, நீண்டிருந்தால் ஒதுக்கிவிடுங்கள். எல்லா அளவும் சென்டிமீட்டரில், முழு எண்ணில் போதும். 1.02 மீட்டரை 1.2 என்று எழுதும் தவறு ஆறாம் வகுப்பில் சாதாரணம். 102 என்று எழுதச் சொன்னால் அந்தத் தொல்லை இல்லை.

மரத்தின் சுற்றளவை நெஞ்சு உயரத்தில் அளக்க வேண்டும் என்று மட்டும் சொல்லி அனுப்பக் கூடாது. ஒவ்வொருவரும் தன் நெஞ்சுக்கு நேராக நாடாவைச் சுற்றுவார்கள். வனத்துறைக் கணக்கில் அந்த உயரம் தரையிலிருந்து 137 சென்டிமீட்டர். ஒரு மூங்கில் குச்சியை அந்த நீளத்துக்கு வெட்டிச் சிறியவர் கையில் கொடுங்கள். அது ஆறாவது பிள்ளையின் நெற்றிக்கு வரும், வரட்டும். நாடா சாய்ந்தால் அளவு கூடிவிடும் என்பதால், மரத்தின் மறுபக்கம் போய் நாடா மட்டமாக இருக்கிறதா என்று பார்ப்பதும் அதே பிள்ளையின் வேலை. வெள்வேலம் தாழ்வாகவே கவடு விட்டிருந்தால் ஒவ்வொரு கிளையையும் தனித்தனியாக அளந்து தனி வரியில் எழுத வேண்டும். இரண்டு நோட்டுக்கும் இடையே 2 சென்டிமீட்டருக்கு மேல் வித்தியாசம் வந்தால் மூன்றாவது தடவை இருவரும் சேர்ந்து அளக்கலாம்.

புல்லுக்கு ஒரு மீட்டர் சதுரச் சட்டம் வேண்டும். நாலு முளைக்குச்சியும் கயிறும் போதும். ஆனால் நாலு பக்கமும் 100 சென்டிமீட்டர் இருந்தாலே சதுரம் ஆகிவிடாது. நசுங்கிய கட்டமாகி உள்ளே பரப்பு குறைந்துவிடும். மூலைக்கு மூலை இரண்டு பக்கமும் 141 சென்டிமீட்டர் வர வேண்டும். முளை அடிப்பதும் பக்கம் அளப்பதும் சிறியவர் வேலை, மூலை சரிபார்ப்பது பித்தகோரஸ் படித்தவர் வேலை. ஏன் 141 என்று பெரியவர் அங்கேயே மண்ணில் கோடு போட்டுக் காட்டினால் பாதி வகுப்பு நடந்த மாதிரி.

சட்டத்தை எங்கே வைப்பது? பிள்ளைகள் இஷ்டத்துக்கு விட்டால் புல் செழித்த இடமாகப் பார்த்து வைப்பார்கள். சீட்டுக் குலுக்குங்கள்: வேலி மூலையிலிருந்து இத்தனை மீட்டர் நேராக, இத்தனை மீட்டர் உள்ளே என்று. எட்டு வைத்து எண்ணுவதாக இருந்தால் கடைசிவரை ஒரே ஆள்தான் நடக்க வேண்டும். முதலில் அந்த ஆள் 30 மீட்டருக்கு எத்தனை எட்டு வைக்கிறார் என்று பார்த்துக்கொள்ளுங்கள். கொழுக்கட்டைப் புல் தூர் தூராக, அதாவது கொத்துக் கொத்தாக வளர்வது. தூரை எண்ண வேண்டும், தாளை அல்ல. கயிற்றின் மேலேயே தூர் இருந்தால், இரண்டு பக்கத்துக் கயிற்றில் உள்ளதைச் சேர்ப்பது, மற்ற இரண்டு பக்கத்தை விடுவது என்று முன்கூட்டியே முடிவு செய்யுங்கள். இதைச் சொல்லாமல் விட்டால் கட்டத்துக்குக் கட்டம் சண்டை.

ஒரு காட்டுக்குப் பத்துக் கட்டம் எண்ணலாம். மொத்தம் 62 தூர் என்றால் கட்டத்துக்குச் சராசரி 6.2. ஏக்கர் என்பது ஏறக்குறைய 4,047 சதுர மீட்டர். ஆக ஏக்கருக்கு 25,000 தூர் என்று வைத்துக்கொள்ளலாம். கூட்டல் சிறியவருடையது, பெருக்கலும் வகுத்தலும் பெரியவருடையது. ஒரே ஒரு கட்டத்தில் 6 என்பதற்குப் பதில் 26 என்று விழுந்திருந்தால் விடை 33,000-ஐத் தாண்டிவிடும். இந்தக் கணக்கைப் பிள்ளைகள் முன்னால் ஒருமுறை போட்டுக் காட்டுங்கள். தன் நோட்டில் உள்ள ஓர் எண் எட்டாயிரம் தூரைக் கூட்டும், குறைக்கும் என்று தெரிந்த பிள்ளை கவனமாகத்தான் எண்ணும்.

வடகிழக்குப் பருவமழையில் புல் எழுந்து நிற்கும் நவம்பர்தான் இதற்கு ஏற்ற மாதம். டிசம்பரில் அரையாண்டுத் தேர்வு வந்துவிடும், தள்ளிப்போட்டால் அவ்வளவுதான். காலை எட்டு மணிக்குப் போய்ப் பத்து மணிக்குள் திரும்பிவிடுங்கள். மூடிய செருப்போ ஷூவோ கட்டாயம், கிளுவை முள் லேசுப்பட்டதல்ல. வேலியோரப் புதரிலும் கல்லடியிலும் பாம்பும் தேளும் இருக்கும். கையை விடக் கூடாது, ஆசிரியர் கோலால் தட்டிக்கொண்டு முன்னால் போக வேண்டும். கடித்துவிட்டால் கட்டுப் போடுவது, கீறுவது எதுவும் வேண்டாம், 108-ஐக் கூப்பிட்டு நேரே அரசு மருத்துவமனைக்குத்தான். காட்டுக்காரரிடம் முதல் நாளே அனுமதி வாங்கியிருக்க வேண்டும். படலைத் திறந்தவரே மூட வேண்டும், அதற்கு ஒரு பிள்ளையைப் பேர் சொல்லி நியமியுங்கள்; ஆட்டுப் பட்டிக்குள் நாய் புகுந்தால் அந்தக் குடும்பத்துக்கு ஏற்படும் நட்டம் சின்னதல்ல. ஒரு பெரிய பிள்ளையும் ஒரு சிறிய பிள்ளையும் மட்டும் கண்ணுக்கு மறைவாகப் போக விடக் கூடாது. ஜோடிகள் எப்போதும் ஒன்றையொன்று பார்க்கும் தூரத்தில் இருக்கட்டும். பை தூக்க, தண்ணீர் கொண்டுவர என்று பெரியவர்கள் சிறியவர்களை ஏவுவதையும் முதல் நாளே தடுத்துவிடுங்கள்.

காட்டுக்காரரிடம் கேள்வி கேட்பதைச் சிறிய பிள்ளைக்குக் கொடுங்கள். "இந்த மரத்துக் காயை மாடு திங்குங்களாய்யா?" என்று பதினோரு வயதுப் பிள்ளை கேட்டால், "வா கண்ணு" என்று மரத்தடிக்கே கூட்டிப்போய், கோடையில் புல் காய்ந்த பிறகு வெள்வேலங்காய்தான் தீனி என்று விளக்குவார். பெரிய பிள்ளை கேட்டால் ஒரே வரியில் பதில் முடிந்துவிடும். பெரியவர் வேகமாக எழுதுவார் என்பதால் எழுதும் வேலை அவருக்கு.

சேதி சொல்ல வாட்ஸப் குழுவை நம்ப வேண்டாம். ஆறாவது பிள்ளையின் போன் என்பது அப்பாவின் போன். அது ஷிப்டு முடிந்து வீட்டுக்கு வரும்போது இரவாகியிருக்கும். மதிய உணவு இடைவேளையில் பத்து நிமிடம் கூடி, அடுத்த வேலையை ஆளுக்கொரு நோட்டில் எழுதிக்கொண்டால் போதும். சார்ட்டைப் பள்ளியிலேயே எழுத வேண்டும். வீட்டுக்குப் போன சார்ட்டை யார் எழுதினார்கள் என்பது எல்லோருக்கும் தெரிந்த ரகசியம்.

மதிப்பெண் 25 என்றால் தனி நோட்டுக்கு 10, நேரில் கேட்கும் கேள்விக்கு 10, சார்ட்டுக்கு 5 என்று பிரிக்கலாம். கேள்வியைக் குழுவிலேயே இளைய பிள்ளையிடம் கேளுங்கள். அது சொல்லும் பதிலுக்கான மதிப்பெண் ஆறு பேருக்கும் சேரும் என்று முதல் நாளே அறிவித்துவிடுங்கள். ஒன்பதாம் வகுப்பு அக்கா சொல்லித்தரத் தொடங்குவது அன்றைக்குத்தான். நோட்டில் அடித்து எழுதிய எண்ணுக்கு மதிப்பெண் குறைக்கக் கூடாது. அடித்த எண் படிக்கும்படி இருக்க வேண்டும், பக்கத்தில் மாற்றியதற்கான காரணம் இருக்க வேண்டும். இரண்டு நோட்டிலும் எல்லா எண்ணும் வரிக்கு வரி ஒன்றாகவே இருந்தால் மட்டும், அந்த ஜோடியை மறுபடி காட்டுக்கு அனுப்பி மூன்று கட்டத்தைத் திரும்ப எண்ணச் சொல்லுங்கள்.