அடுத்த தமிழ்ப் புத்தகத்தை எடுக்கும் முன்

மொரீசியசில் ஒருவர் தமிழ் வாசிப்பை விட்டுவிட்டால், அவருக்குத் தமிழ் போதாது என்றுதான் பொதுவாகச் சொல்கிறார்கள். நூலக மேசையிலிருந்து பார்த்தால் பெரும்பாலும் காரணம் வேறு. ஒரு புத்தகத்தை ஆசையாக முடித்தவர், அடுத்து எடுத்தது அவருக்குப் பொருந்தாத புத்தகம். முப்பதாம் பக்கத்தில் அது நின்றுபோகிறது. பிரெஞ்சும் ஆங்கிலமும் கையருகே இருப்பதால் அவர் அந்தப் பக்கம் போய்விடுகிறார். ஆரம்பப் பள்ளியில் விருப்பப் பாடமாகத் தமிழ் படித்து எழுத்தைக் கற்றவர்களை இப்படி இழப்பது உண்மையாகவே வருத்தமான விஷயம்.

இங்கே தமிழ்ப் புத்தகம் பல வீடுகளுக்குப் பெட்டியில்தான் வருகிறது. சனவரியில் சென்னைப் புத்தகக் காட்சிக்குப் போகிறவரிடம் ஒரு பட்டியல் கொடுத்தனுப்புவோம். பட்டியலில் இருப்பவை விருது பெற்றவை, படமாக வந்தவை, யாரோ புகழ்ந்தவை. சாகித்திய அகாதெமி விருது இலக்கியத் தகுதிக்குத் தரப்படுவது. அந்த நூல் உங்கள் வாசிப்புக்கு எட்டுமா என்பதை அது சொல்லாது. 2022-இல் படம் வந்ததும் பொன்னியின் செல்வனை வாங்கியவர்கள் பலர். ஐந்து பாகங்கள் கொண்ட அது, 1950 முதல் 1954 வரை வாரப் பத்திரிகையில் தொடராக வந்தது. நூறு பக்கக் கதையைக்கூடத் தமிழில் முடித்திராதவர் ஐந்து பாகங்களையும் ஒன்றாக வாங்கக் கூடாது. தொடராக வந்ததால் அத்தியாயங்கள் சிறியவை. நாளுக்கு ஒன்றாகப் பத்து அத்தியாயங்களை இணையத்தில் தமிழ் நூல்களைத் தரும் மதுரைத் திட்டத்தின் இலவசப் பதிப்பில் படித்துப் பார்த்துவிட்டு முதல் பாகத்தை மட்டும் வாங்கினால் போதும்.

எந்தப் புத்தகத்தையும் சோதிக்க ஒரு வழி இருக்கிறது. முன்னுரையையும் முதல் பக்கத்தையும் விட்டுவிடுங்கள். முன்னுரை பெரும்பாலும் கதையைவிடக் கடினமான நடையில் இருக்கும். நடுவில் ஒரு பக்கத்தைத் திறந்து நூறு சொற்களை எண்ணி, தெரியாத சொற்களைப் பென்சிலால் குறியுங்கள். இரண்டு வரை என்றால் அகராதி இல்லாமலே ஓடும். மூன்று முதல் ஐந்து என்றால் புத்தகம் சிறியதாக இருந்தால் மட்டும் எடுங்கள். ஐந்துக்கு மேல் போனால் இப்போதைக்கு வேண்டாம். இரண்டாம் மொழி வாசிப்பை ஆராய்ந்தவர்கள், துணையின்றிப் புரிந்துகொள்ள நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டுச் சொற்களாவது தெரிந்திருக்க வேண்டும் என்கிறார்கள். இந்தக் கணக்கு அதிலிருந்து வந்ததுதான்.

தமிழில் எண்ணும்போது கவனம் வேண்டும். 'போய்க்கொண்டிருந்தவர்களிடமெல்லாம்' என்ற சொல் பார்வைக்கு மிரட்டும். ஆனால் அதன் வேர் 'போ'. வேர் தெரிந்தால் அது தெரிந்த சொல்லே. சேர்ந்து கிடப்பதைப் பிரித்துப் பார்த்த பிறகும் வேர் புரியாவிட்டால் மட்டும் குறியிடுங்கள்.

சோதனையை இரண்டு முறை செய்யுங்கள்: கதைசொல்லும் பகுதியில் ஒருமுறை, உரையாடலில் ஒருமுறை. பள்ளித் தமிழ் முதலாவதற்குக் கை கொடுக்கும், இரண்டாவதற்குக் கொடுக்காது. நெல்லை, கொங்கு, கரிசல் வட்டார நாவல்களில் பேச்சு ஒலித்தபடியே எழுதப்பட்டிருக்கும். மெளனமாகப் படித்தால் புரியாதது, வாய்விட்டுப் படித்தால் பல நேரம் புரிந்துவிடும். அப்படியும் புரியாவிட்டால் கடைசிப் பக்கங்களில் வட்டாரச் சொல் பட்டியல் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் துணிந்து எடுக்கலாம்.

அடுத்தது அளவு. கடிகாரம் வைத்துப் பத்து நிமிடம் படியுங்கள். இரண்டு பக்கம் ஓடினால், தினம் அரை மணி நேரத்துக்கு ஆறு பக்கம். 180 பக்க நாவலுக்கு முப்பது நாள். ஒரு மாதத்தைத் தாண்டினால் கதைமாந்தர் பெயர்களே மறக்கத் தொடங்கும். அதைவிட மெதுவாகப் படிக்கிறவர்களுக்குச் சிறுகதைத் தொகுப்பே நல்லது. எங்கே நிறுத்தினாலும் ஒரு கதையாவது முடிந்திருக்கும்.

மொரீசியஸ் வாசகருக்குப் பிரெஞ்சு ஒரு பெரிய வசதி. கதை முன்பே தெரிந்திருந்தால் புதுச் சொல்லின் பொருள் தானாகவே பிடிபடும். பள்ளியில் பலர் பிரெஞ்சில் படித்த, எழுத்தாளர் செந்தெக்சுபெரியின் கதை, 'குட்டி இளவரசன்' என்ற பெயரில் பிரெஞ்சிலிருந்தே நேரடியாகத் தமிழுக்கு வந்திருக்கிறது. சிறிய நூல், சிறிய வாக்கியங்கள். மொழிபெயர்ப்பு எதை எடுத்தாலும் மூலத்திலிருந்து நேராக வந்ததா, ஆங்கிலம் வழியாகவா என்று பதிப்புரிமைப் பக்கத்தில் பார்த்துவிடுங்கள்.

தேவாரமும் திருப்புகழும் மனப்பாடமாகப் பாடுகிறவர்கள் இங்கே நிறைய. பலர் ரோமன் எழுத்தில் பார்த்துப் பாடுகிறார்கள். அவர்கள் அடுத்து ஒரு பெரிய விரிவுரை நூலைத் தேடிப் போவதைவிட, நாவில் ஏற்கெனவே இருக்கும் பாடல்களைத் தமிழ் எழுத்தில், பதம் பிரித்த பதிப்பில் படிக்கலாம். தைப்பூசக் காவடி விரத நாள்களில் தினம் ஒரு பாடல் என்று தொடங்குவது வசதி.

பதிப்பையும் பாருங்கள். 1978-இல் தமிழக அரசு எழுத்துச் சீர்திருத்தத்தை ஏற்றது. அதற்கு முந்தைய அச்சில் லை, ளை, ணை, னை, றா, ணா, னா போன்றவை வேறு வடிவில் இருக்கும். பிற்பாடு படித்தவர்கள் அங்கே தடுக்கி, தங்கள் தமிழையே சந்தேகிப்பார்கள். புதிய அச்சைத் தேடினாலே பாதிச் சிக்கல் தீரும். கைபேசியில் படிப்பவர்களுக்கு ஸ்கேன் செய்த பக்கப் படங்கள் சரிவராது, ஒவ்வொரு வரிக்கும் திரையை இழுக்க வேண்டியிருக்கும். எழுத்தைப் பெரிதாக்கினால் வரி தானாக மடங்கும் இபப் (EPUB) மின்னூல் வடிவத்தை எடுங்கள்.

பாதியில் நின்றுபோன புத்தகத்துக்குள் ஒரு சீட்டு வையுங்கள். எந்தப் பக்கம், ஏன் என்று எழுதுங்கள்: சொல்லா, வட்டாரப் பேச்சா, அச்சா, பொருளில் ஈடுபாடு இல்லையா? நூலகரிடம் 'நல்ல புத்தகம் ஒன்று கொடுங்கள்' என்று கேட்பதைவிட, கடைசியாக முடித்ததையும் இந்தச் சீட்டையும் காட்டினால் சரியானதை எடுத்துத் தர முடியும். சென்னைக்குப் போகிறவரிடம் கொடுக்கும் பட்டியலில் நூற்பெயர், ஆசிரியர், பதிப்பகம், அதிகபட்சப் பக்கம் நான்கையும் எழுதுங்கள். வாங்கும் முன் நடுப்பக்கம் ஒன்றைப் படமெடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொல்லுங்கள். நூறு சொற்களை இங்கிருந்தபடியே எண்ணிப் பார்த்துவிட்டு வாங்கச் சொல்லலாம்.