உடம்பு நடுங்குதுன்னா வேர்க்குதான்னு முதல்ல பாருங்க

ஆடி வெள்ளிக்கிழமை மதியம் 60 வயசு தாண்டின ஒரு அம்மாவ ஆட்டோல வச்சு கூட்டிட்டு வந்தாங்க, கழுத்து வரைக்கும் கம்பளி போத்தியிருந்துச்சு, அந்த வெயில்ல. என்னாச்சுன்னு கேட்டா மகன் சொல்றார், "கோயில்ல கூழ் வாங்க நின்னப்போ அம்மாவுக்கு உடம்பெல்லாம் புல்லரிச்சிருச்சுங்க, அப்புறம் ஒரே நடுக்கம்". கூட வந்த பெரியம்மா, ஆத்தா இறங்கிட்டான்னு நெனச்சு கையில வேப்பிலைய குடுத்து உக்கார வச்சிருக்காங்க. அப்புறம் வீட்டுக்கு கொண்டுபோய், காய்ச்சல் வரப்போகுதுன்னு போத்தி படுக்க வச்சிருக்காங்க. கம்பளிய விலக்கினா ஜாக்கெட் முழுக்க நனைஞ்சு போயிருக்கு, நெத்தியில முத்து முத்தா வேர்வை, கை சில்லுன்னு கெடக்கு. விரல்ல குத்தி பாத்தா சுகர் 41. காலைலருந்து விரதம், ஆனா கிளிமிபிரைடுங்கிற சுகர் மாத்திரைய மட்டும் மறக்காம போட்டிருக்காங்க.

அருள் வர்றத பத்தி நான் எதுவும் சொல்ல வரல, அது உங்க நம்பிக்கை. ஆனா சுகர் மாத்திரை போடுறவங்க வெறும் வயித்துல நடுங்கினா முதல்ல ஒரு டம்ளர் சர்க்கரை தண்ணிய குடுத்துடுங்க, மத்தத அப்புறம் பாப்போம். இந்த வருஷத்துல மட்டும் இப்படி கம்பளியோட என்கிட்ட வந்தவங்கள்ல இவங்க நாலாவது ஆள். அதனாலதான் உக்காந்து எழுதுறேன்.

நம்ம தமிழ்ல இதுக்கெல்லாம் தனித்தனி வார்த்தை அழகா இருக்கு. ஆனா டாக்டர்கிட்ட வந்தா எல்லாத்தையும் "நடுக்கம்"னு ஒரே வார்த்தையில சொல்லிடுறாங்க. புல்லரிப்புன்னா முடி குத்திட்டு நிக்கிறது, தோல் பொரிப்பொரியா ஆகுறது. நல்ல நாதஸ்வரம் கேட்டாலும் வரும், பயந்தாலும் வரும், குளிர் காத்து பட்டாலும் வரும், கொஞ்ச நேரத்துல அடங்கிரும். சிலிர்ப்பும் கிட்டத்தட்ட அதேதான், ஒரு அலை மாதிரி ஓடிட்டு போயிரும், கோழி மழையில நனைஞ்சா ஒரு தடவ சிலிர்த்துட்டு நடக்குமே அந்த மாதிரி. இது ரெண்டும் மட்டும்னா என்கிட்ட வர வேண்டியதே இல்ல.

உதறல் வேற. பல்லு தந்தியடிக்கும், கட்டில் ஆடும், எத்தன போர்வை போட்டாலும் பத்தாது, கொஞ்ச நேரத்துல காய்ச்சல் 102, 103னு ஏறிரும். மலேரியாவா இருக்கலாம், சிறுநீர்ல கிருமியா இருக்கலாம், பித்தக்குழாய் அடைச்சு சீழ் பிடிச்சிருக்கலாம். "லேசா சிலிர்த்துச்சு டாக்டர்"னு சொல்லி மாத்திரை வாங்கிட்டு போயிட்டு மறுநாள் பிரஷர் இறங்கி ஐசியூக்கு போனவங்கள பாத்திருக்கேன். கட்டில் ஆடுச்சுன்னா கட்டில் ஆடுச்சுன்னே சொல்லுங்க. அந்த ஒரு வார்த்தைக்கு நாங்க உடனே ரத்தம் எடுத்து, அதுல கிருமி வளருதான்னு பாக்க கல்ச்சருக்கு அனுப்புவோம்.

இப்போ எனக்கு ரொம்ப ஆத்திரம் வர்ற விஷயத்துக்கு வர்றேன். நடுங்கினாலே குளிருதுன்னு அர்த்தம் இல்லங்க. இல்லவே இல்ல. சுகர் இறங்கும்போது உடம்பு பதறிப்போய் அட்ரினலின்ங்கிற ஹார்மோன விடும், அதுலதான் கை வெடவெடன்னு வரும், நெஞ்சு படபடன்னு அடிக்கும், கொலப்பசி எடுக்கும், வேர்த்து ஊத்தும். தொட்டா கை சில்லுன்னு இருக்கும், உடனே குளிர்னு நெனச்சு போத்திடுறீங்க. போத்தினதும் வேர்வை உங்க கண்ணுக்கு தெரியாது, ஆள் அப்படியே மயங்கினா தூங்குறாங்கன்னு விட்டுடுவீங்க. குளிர்ல நடுங்குறவனுக்கு உடம்பு நனையுமா, யோசிங்க. அடுத்த கேள்வியும் வரும், "சுகர் பேஷண்டுக்கு எப்படி டாக்டர் சர்க்கரை குடுக்கிறது?" குடுக்கலாம், குடுத்தே ஆகணும். கொஞ்ச நேரம் சுகர் 250க்கு ஏறுனா ஒண்ணும் ஆகிடாது, 30க்கு இறங்கினா ஆளே போயிரலாம்.

மெஷின் வீட்ல இருந்தா குத்தி பாருங்க, 70க்கு கீழ இருந்தா 3 ஸ்பூன் சர்க்கரைய தண்ணில கரைச்சு குடுங்க, 15 நிமிஷம் கழிச்சு மறுபடி பாருங்க, ஏறலன்னா இன்னொரு தடவ குடுங்க. மெஷின் இல்லன்னா தேடிட்டு நிக்காதீங்க, குடுத்துடுங்க. சாக்லேட் வேண்டாம், அதுல இருக்கிற கொழுப்பு சர்க்கரை ஏறுறத தாமதமாக்கும். தெளிஞ்சதும் இட்லியோ சாதமோ சாப்பிட வைங்க. மயங்கி கெடந்தா வாயில ஒரு சொட்டு கூட ஊத்தாதீங்க, நுரையீரலுக்கு போயிரும், ஒருக்களிச்சு படுக்க வச்சு 108க்கு போன் போடுங்க. கிளிமிபிரைடு மாதிரி மாத்திரைன்னா தெளிஞ்ச அப்புறமும் சில மணி நேரம் கழிச்சு திரும்ப சுகர் இறங்கலாம், அதனால சரியாயிருச்சேன்னு வீட்லயே இருந்துடாதீங்க. பிரஷருக்கு ப்ரோப்ரனலால், அட்டெனலால் எடுக்கிறவங்களுக்கு நடுக்கமும் படபடப்பும் சரியா தெரியாம போயிரும், பெரும்பாலும் வேர்வைதான் காட்டிக் குடுக்கும்.

குழந்தைங்க விஷயத்துல "தூக்கித் தூக்கி போடுது"ன்னு சொல்லாதீங்க, உதறலுக்கும் அதையே சொல்றீங்க, வலிப்புக்கும் அதையே சொல்றீங்க. பேர் சொல்லி கூப்பிட்டா உங்கள பாத்துச்சா? பாத்துச்சுன்னா பெரும்பாலும் அது உதறல். கண்ணு சொருகி, நெனவில்லாம, கைய புடிச்சாலும் நிக்காம வெட்டி வெட்டி இழுத்துச்சுன்னா வலிப்பு. 6 மாசத்துலருந்து 5 வயசு வரைக்கும் காய்ச்சல்ல இப்படி வர்றது உண்டு. ஒருக்களிச்சு படுக்க வைங்க, மணிய பாருங்க, 5 நிமிஷம் தாண்டினா 108. சீக்கிரம் நின்னுட்டாலும் முதல் தடவைன்னா ஆஸ்பத்திரிக்கு கொண்டு வாங்க. கையில சாவியும் வேண்டாம், வாயில ஸ்பூனும் வேண்டாம், பல்லு ஒடஞ்சு தொண்டையில போன குழந்தைய பாத்தவன் சொல்றேன், கெஞ்சி கேட்டுக்கிறேன்.

சும்மா இருக்கும்போது ஒரு கை மட்டும் ஆடி, டம்ளர எடுத்தா நிக்குதுன்னா அது வேற கதை. அவசரம் இல்ல, ஆனா காட்டுங்க.

அந்த அம்மாவுக்கு குளுக்கோஸ் ஏறி கொஞ்ச நேரத்துல கண்ண முழிச்சு கேட்ட முதல் கேள்வி, "கூழு ஊத்தி முடிச்சாச்சா?" ராத்திரி வரைக்கும் வச்சு பாத்துட்டுதான் அனுப்பினேன். அடுத்த வாரம் வியாழக்கிழமையே வந்துட்டாங்க, நாளைக்கு விரதம், எந்த மாத்திரைய நிறுத்தணும்னு ஒரு பேப்பர்ல எழுதிக் குடுங்கன்னு கேட்டு வாங்கிட்டு போனாங்க. நீங்களும் முந்தின நாளே வந்து கேளுங்க.